அரசு ஒப்படைத்த பிள்ளைகள் எங்கள் தெருவில்: நாங்கள் எப்படி உதவுவது?

கடிதம் எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மேற்கு மாவட்டம் ஒன்றின் நகராட்சிப் பகுதியில் வசிக்கிறார். குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராகவும் இருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறோம். அவர் எழுதியதன் சுருக்கம்:

எதிர்வீட்டுத் தம்பதி இருவருக்கும் நாற்பத்தைந்து வயதுக்கு மேல். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறார். ஒரே மகன் வெளியூர்க் கல்லூரி விடுதியில் இருக்கிறான். எட்டு மாதங்களுக்கு முன் குழந்தைகள் நலக்குழுவின் (பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகள் குறித்து முடிவெடுக்கச் சட்டப்படி அமைந்த குழு) ஆணைப்படி 11 வயதுச் சிறுமியையும் அவளுடைய 8 வயதுத் தம்பியையும் இவர்கள் வளர்ப்புப் பராமரிப்பில் ஏற்றார்கள். பிள்ளைகளின் அப்பா விபத்தில் இறந்துவிட்டார். அம்மா மனநலச் சிகிச்சையில் இருந்தவர். இப்போது தேறி, தன் அண்ணன் வீட்டில் தங்கி ஒரு மில் கேண்டீனில் வேலைக்குப் போகிறார். மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வருகிறார். அவர் வந்துபோன இரண்டு மூன்று நாள் பையன் படுக்கையை நனைக்கிறான், அக்காவோ யாரோடும் பேசுவதில்லை.

தெருவில் உதவ விரும்புகிறவர்கள் நிறைய. பையனின் பிறந்தநாளன்று இரண்டு பிள்ளைகளின் படத்தையும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “ஆதரவற்ற இந்தப் பிஞ்சுகளுக்கு உதவுங்கள்” என்று ஒருவர் எழுத, 38,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்” என்று மட்டும் சொன்னாராம். இந்தப் பணத்தை வைத்து அறக்கட்டளை தொடங்கலாமா? இரண்டு ஆண்டு ஆனால் இவர்களே தத்தெடுத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அதுவரை அந்தத் தாயின் வருகையை நிறுத்தச் சொல்லலாமா? சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளை அழைத்துப்போய் வைத்துக்கொள்ள மூன்று குடும்பங்கள் தயாராக இருக்கின்றன, அனுப்பலாமா? சங்கத்தின் பொறுப்பில் ஒரு காலி வீடு இருக்கிறது, அதில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா? இவை அவருடைய கேள்விகள். மாற்றுச் சான்றிதழ் வராததால் பையனின் பெயர் இன்னும் பள்ளிப் பதிவேட்டில் ஏறவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

எதிர்வீட்டு அம்மா சொன்ன வாக்கியத்திலேயே பாதி பதில் இருக்கிறது. அவர் உதவி வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகளை முன்னால் நிறுத்தி வாங்கும் உதவி வேண்டாம் என்கிறார். வளர்ப்புக் குடும்பங்கள் இடையில் தளர்ந்துபோவதற்குப் பாசக் குறைவு அரிதாகவே காரணமாக இருக்கும். சமையல், பள்ளி, ஆஸ்பத்திரி, அலுவலகம், இரவுத் தூக்கமின்மை எல்லாம் இரண்டே பேர் தலையில் விழுவதும், அதற்கு மேல் தெருவே நின்று பார்ப்பதும்தான் அவர்களைச் சோர வைக்கிறது. உங்கள் தெரு செய்யவேண்டியது அந்தப் பெரியவர்கள் இருவரின் சுமையைக் குறைப்பது. பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைப் போலத் தெருவில் சாதாரணமாக நடமாடட்டும்.

இது தத்து அல்ல

வளர்ப்புப் பராமரிப்பு என்பது இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 44-ஆம் பிரிவின்கீழ் நலக்குழு செய்யும் ஏற்பாடு. சொந்த வீட்டில் இப்போதைக்கு இருக்க முடியாத பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதற்குப் பதிலாக, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த இன்னொரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பது அது. சாப்பாடு, படிப்பு, உடல்நலம் ஆகியவை வளர்க்கும் குடும்பத்தின் பொறுப்பு. ஆனால் பெற்றோருக்கு உள்ள சட்ட உரிமை அவர்கள் கைக்கு வந்துவிடாது. பிள்ளையின் பெயர், இனிஷியல், மதம், சாதி எதுவும் மாறாது. உடன்பிறந்தவர்களைக் கூடியவரை ஒன்றாக வைக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்வதால்தான் அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை ஆய்வு நடக்க வேண்டும் என்பதும் சட்டம். அதிகாரிகள் வண்டி வந்து நின்றாலே “யாரோ புகார் கொடுத்திருக்காங்க போல” என்று தெருவில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் நீங்களே சொல்லிவையுங்கள்.

இனி அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு. 2024-இல் மத்திய அரசு திருத்தி வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், ஐந்து ஆண்டு என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் தத்துக்குச் சட்டப்படி உரியவர் என்று நலக்குழு அறிவித்த பிள்ளைக்குத்தான் அந்த வழி திறக்கும். பெற்ற தாய் உயிரோடு இருக்கிறார், சிகிச்சை எடுத்துத் தேறி வருகிறார், மாதம் தவறாமல் வந்து பார்க்கிறார், பிள்ளைகளை விட்டுக்கொடுப்பதாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த நிலையில் தத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. தெருவில் யாராவது அந்தத் தம்பதியிடம் “இன்னும் ஒண்ணேகால் வருஷம் பொறுத்துக்கோங்க” என்று ஆறுதல் சொன்னால், அவர்கள் மனத்தில் வீண் ஆசையை வளர்ப்பதாகத்தான் ஆகும். பிள்ளைகள் காதில் விழுந்தால் இன்னும் மோசம்.

படமும் பணமும்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையிலோ வேறு எந்தத் தொடர்பு ஊடகத்திலோ வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தில் போட்டோம் என்பது விலக்கு ஆகாது. தண்டனையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்தப் பெண் இன்னும் சில ஆண்டுகளில் அதே தெருப் பிள்ளைகளோடு பத்தாம் வகுப்பு படிப்பாள். “ஆதரவற்ற பிஞ்சு” என்ற படம் அப்போதும் யாரோ ஒருவருடைய போனில் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் நாள்கள் கடந்துவிட்ட செய்தியை, அனுப்பியவரே நினைத்தாலும் எல்லோருடைய போனிலிருந்தும் நீக்க முடியாது. அதனால் பொதுவாக ஒரு அறிவிப்புப் போட்டுவிட்டு விடாதீர்கள். குழுவில் இருப்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, கேலரியிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். வேறு குழுவுக்கு அனுப்பியவர்கள் இருந்தால் அங்கேயும் அழிக்க வேண்டும். பிறகு நீங்களே, இந்த ஏற்பாடுகளை மாவட்டத்தில் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய், நடந்ததையும் சரிசெய்ததையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால், அடுத்த ஆய்வின்போது அந்தப் படத்துக்கான விளக்கத்தை எதிர்வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அவர்கள் மேல் தவறே இல்லாமல் அவர்கள் தகுதியின் மேல் கேள்வி வரும்.

பணத்துக்கு அறக்கட்டளை தேவையில்லை. ஒரு வீட்டுக்காகத் தொடங்கும் அறக்கட்டளை, பதிவு, பான், தணிக்கை என்று அதை நடத்துவதிலேயே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். உங்கள் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவான ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் கணக்கிலேயே தனித் தலைப்பு போதும். பணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும், “இது அந்த இரண்டு பிள்ளைகளின் பெயரில் இருக்காது, வளர்ப்புக் குடும்பங்களுக்கான பொது உதவி நிதியாக இருக்கும், சம்மதமா?” என்று கேளுங்கள். சம்மதிக்காதவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த நிதி எங்கே பயன்படும் என்றும் சொல்கிறேன். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு 8,000. “அரசாங்கக் காசுக்காகத்தான் வளர்க்கறாங்க” என்ற பேச்சுக்கு விடையும் இந்தத் தொகைதான்: 11 வயதுப் பெண்ணுக்கும் 8 வயதுப் பையனுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, நோட்டு, பஸ், மருந்து எல்லாம் பார்த்துவிட்டு இதில் யாரும் மிச்சம் பிடிக்க முடியாது. அது வளர்ப்பவரின் சம்பளம் அல்ல, பிள்ளையின் செலவுக்கானது. மாதா மாதம் சீராக வராமல் சில மாதங்கள் சேர்ந்து வருவதும் உண்டு. எனவே இரண்டு மாதத் தொகையான 16,000 ரூபாயைத் தனியே வைத்து, உதவித்தொகை தாமதமாகும்போது கைமாற்றாகக் கொடுத்து, வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தானமாகக் கொடுத்தால் அந்தக் குடும்பம் கூசும். கைமாற்று என்றால் தயங்காமல் வாங்கும். மீதியைக் கண் பரிசோதனை, பல் சிகிச்சை, ஆட்டோக் கட்டணம் போன்ற திடீர்ச் செலவுக்கு ரசீது வைத்துச் செலவிடலாம். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது.

அந்தத் தாயின் வருகை

இந்த இடத்தில் உங்கள் தெருவின் எண்ணம் முழுக்க மாற வேண்டும். பெற்றோரால் கவனிக்க முடியாத நிலை என்று பிள்ளையைப் பிரித்து வைத்தால், பெற்றோர் இடைவெளி விட்டு வந்து பார்க்கலாம், அவர்கள் தேறியதாக நலக்குழு முடிவுசெய்தால் பிள்ளை வீட்டுக்குத் திரும்பலாம் என்றுதான் 44-ஆம் பிரிவு சொல்கிறது. வருகை பிள்ளைக்குக் கேடு என்று நலக்குழு கருதினால் மட்டுமே அதை நிறுத்த முடியும். சங்கமோ வளர்ப்புப் பெற்றோரோ நிறுத்த முடியாது.

அம்மா வந்துபோனதும் பையன் படுக்கையை நனைக்கிறான், அக்கா வாய் திறப்பதில்லை என்பதைப் பார்த்து, அம்மா வராவிட்டால் சரியாகிவிடும் என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பிரிவு வலிக்கிறது என்பதன் அடையாளம் அது. பாசம் அறுந்துபோன பிள்ளைக்கு அம்மா போனதும் எதுவும் ஆகாது. பார்ப்பதை நிறுத்தினால் நனைப்பது வேண்டுமானால் குறையலாம். ஆனால் ‘நான் ஏதோ தப்பு செய்ததால்தான் அம்மா வரவில்லை’ என்று எட்டு வயது மனம் தானே காரணம் தேடிக்கொள்ளும். அதை ஆற்றுவது இதைவிடப் பலமடங்கு கடினம்.

முதலில் பையனை ஒருமுறை குழந்தைகள் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும்கூடப் படுக்கை நனைவதற்குக் காரணமாக இருக்கலாம். அவை இல்லை என்று தெரிந்தபின் வீட்டில் செய்யவேண்டியவை எளியவை. மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் மாற்றுவதற்கு இரண்டு போர்வை, படுக்கும் முன் ஒருமுறை பாத்ரூம், தலைமாட்டில் மாற்று டவுசர். காலையில் ஈரத் துணியை எடுத்துப் போடும்போது ஒரு வார்த்தை பேச வேண்டாம். மொட்டை மாடியில் காயும் போர்வையைப் பார்த்து “இன்னிக்கும் ஆச்சா?” என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்கிறார்களாம். அந்தக் கேள்வியை நிறுத்துவது உங்கள் சங்கத்தால் முடியும். அதுவே பெரிய உதவி.

வருகை நாளையும் நேரத்தையும் கூடியவரை மாற்றாமல் வைத்துக்கொள்ள அலகிடம் கேட்கலாம். எந்த நாள் என்று பையனுக்குக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டினால் காத்திருக்கும் பயம் குறையும். அன்றும் மறுநாளும் டியூஷன், விசேஷம், விருந்தாளி எதுவும் வேண்டாம். அக்காவைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். பூக்கட்டவோ கீரை ஆயவோ பக்கத்தில் உட்கார வைத்தால், பேச வேண்டியதை அவளே பேசுவாள். தம்பிக்குச் சோறு ஊட்டுவது, பை அடுக்குவது என்று அவள் அம்மாவின் வேலையைத் தானே பார்த்து வந்தவளாக இருப்பாள். “நீ இனிமே அதெல்லாம் பண்ண வேண்டாம்” என்று ஒரேயடியாகப் பிடுங்கினால் தன்னிடமிருந்து தம்பியைப் பறிப்பதாக நினைப்பாள். மெதுவாக, ஒவ்வொன்றாகக் குறைக்கட்டும்.

அந்தத் தாயை ஒரு கொடுஞ்சொல்லால் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் தேறியவர் பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவர் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மருந்து நிற்காமல் இருப்பதும், வீடும் வருமானமும் நிலைப்பதும்தான் முக்கியம். அரசு மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மருந்து இலவசமாகக் கிடைக்கும். கணவரை இழந்தவர் என்பதால் விதவை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரிக்கலாம். பிள்ளைகள் அவரிடம் திரும்பும்போது, மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுத் திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கோரலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் சங்கத்தில் மனு எழுதிப் பழகிய ஒருவர் அவருக்கு இந்த வேலைகளைச் செய்து கொடுத்தால், பிள்ளைகளுக்கு நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான் என்பது என் கருத்து.

துணைக்கு ஐந்து பேர் போதும்

உதவ முன்வருகிற முப்பது பேரில் ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவர்களை அந்தத் தம்பதியே சொல்லட்டும். சங்கம் முடிவுசெய்ய வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் முதல் மாதம் வீடு நிறையச் சாப்பாடு வரும், மூன்றாம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். குறைவாகத் தொடங்கி நீண்ட நாள் நிற்பதுதான் அந்த வீட்டுக்குத் தேவை.

ஒருவர் தொடர்பாளர், அது நீங்களாகவே இருங்கள். வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதும் மற்றவர்களிடம் சொல்வதும் நீங்கள் மட்டுமே. இல்லாவிட்டால் அந்த அம்மா ஒரே நாளில் ஆறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னொருவர் வாரம் இரண்டு மாலை ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, வாசல் கதவு திறந்திருக்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் இருக்கும்போது. மூன்றாமவர், பட்டறை வேலை நெருக்கும் நாள்களில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருபவர். நான்காமவர் இரவு எந்நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுக்கக்கூடியவர்.

ஐந்தாமவருக்குச் சாப்பாட்டு வேலை. வாரத்தில் ஒரே நாள், ஒரே வேளை. உதாரணமாக, புதன்கிழமை இரவு டிபன். அன்று அந்த அம்மா அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அது ஓய்வு. நினைத்தபோது கொண்டுவரும் பாயசமும் பிரியாணியும் அவர் சமைத்து முடித்தபின்தான் வந்து சேரும். பையன் இட்லியைத் தாளில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டினியைப் பார்த்த பிள்ளைகள் இப்படிச் செய்வது சகஜம், திருட்டு அல்ல. அவன் கைக்கெட்டும் அலமாரியில் மூடி போட்ட டப்பா ஒன்றில் கடலை உருண்டையோ பிஸ்கட்டோ எப்போதும் இருக்கட்டும். கேட்காமல் எடுக்கலாம், குறையக் குறைய நிரப்புவோம் என்று சொல்லிவிட வேண்டும். டப்பா காலியாகாது என்று நம்பிக்கை வந்த பின் ஒளித்து வைப்பது தானாகவே குறையும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு மாலை அந்தத் தம்பதி வெளியே போய்வரட்டும். பிள்ளைகளை உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகாமல், நீங்களோ பாடம் சொல்லிக் கொடுப்பவரோ இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டிலேயே இருங்கள். பழகிய இடம் மாறினால் இந்தப் பிள்ளைகள் மீண்டும் அனுப்பிவிடுகிறார்களோ என்று பயப்படுவார்கள்.

உதவும் ஐந்து பேருக்கும் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, வீட்டாருக்குத் தெரியாமல் பரிசோ போனோ கொடுக்கக் கூடாது, ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என்று எதையும் சொல்லக் கூடாது. பிள்ளைகளை எவராவது துன்புறுத்துவதாகச் சந்தேகம் வந்தால், அது வளர்க்கும் வீட்டிலேயே நடந்தாலும், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிட வேண்டும். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிந்தும் மறைப்பது தண்டனைக்குரிய குற்றம். நமக்கு வேண்டியவர்கள் என்று யாரும் மூடி மறைக்கக் கூடாது. இதை அந்தத் தம்பதி முன்னாலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். நல்லவர்கள் இதற்கு வருத்தப்பட மாட்டார்கள்.

பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்

மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 5-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணமாகாது என்கிறது 14-ஆம் பிரிவு. நலக்குழுவின் ஆணை நகலுடன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கோருங்கள். பெரும்பாலும் சிக்கல் எமிஸில், அதாவது மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவில், இருக்கும். பழைய பள்ளி பையனின் பெயரை விடுவித்தால்தான் புதிய பள்ளி இழுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளிக்குப் போன் போட்டு அதை முடித்து வைக்க, ஓய்வுபெற்ற ஆசிரியையான உங்களைவிடப் பொருத்தமானவர் யார்? நடக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். பதிவேட்டில் அப்பா அம்மா பெயர் உண்மையான பெயர்களாகவே இருக்கட்டும். வளர்ப்புப் பெற்றோர் பெயரைப் பாதுகாவலர் இடத்தில் எழுதலாம். விவரம் தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரிந்தால் போதும்.

ஆஸ்பத்திரிக்கென்று ஒரு ஃபைல் வாசலருகே தொங்கட்டும்: நலக்குழு ஆணை நகல், ஆதார் நகல், தடுப்பூசி அட்டை, ஒவ்வாமை இருந்தால் அதன் விவரம், அலகு அலுவலரின் எண். அவசரம் என்றால் முதலில் சிகிச்சை, பிறகு அலகுக்குத் தகவல். முன்கூட்டியே தேதி குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை என்றால் வளர்ப்புப் பெற்றோர் தாங்களாகக் கையெழுத்துப் போடாமல் நலக்குழுவிடம் முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும்.

தெருவில் வரும் கேள்விகள்

“என்ன ஆளுங்க?” என்று பிள்ளையிடமே சாதி கேட்பது, “உங்கம்மா ஏன் உன்ன விட்டுட்டுப் போனா?” என்று விசாரிப்பது, “இவ்வளவு செய்றாங்களே, நன்றியா இரு” என்று புத்தி சொல்வது. இவை மூன்றும் நிற்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் பிள்ளைகள் பேரைச் சொல்லாமல், பொதுவான நடைமுறையாகச் சொல்லுங்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை அக்காவும் தம்பியுமே தீர்மானிக்கட்டும். “இங்க தங்கிப் படிக்கிறோம்” என்ற அளவுக்குச் சொன்னால் போதுமானது. அதற்கு மேல் தோண்டுபவரை அங்கிருக்கும் பெரியவர் ஒருவர் தடுக்க வேண்டும்.

வார இறுதியும் காலி வீடும்

மூன்று குடும்பங்கள் முறை வைத்து அழைத்துப் போவது கூடாது. நலக்குழு ஆணை இந்த ஒரு வீட்டுக்குத்தான். பகலில் கோயிலுக்கோ பூங்காவுக்கோ எல்லோரும் சேர்ந்து போய்வரலாம். இன்னொரு வீட்டில் இரவு தங்குவது, வெளியூர்ப் பயணம் என்றால் அலகிடம் முன்னதாகக் கேட்டு எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். தம்பதி வீட்டில் சாவு, ஆஸ்பத்திரி என்று அவசரம் வந்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் இப்போதே அலகிடம் பேசி, ஒரு வீட்டைச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று குடும்பங்களுக்கும் உண்மையான விருப்பம் இருந்தால், அவர்களே வளர்ப்புக் குடும்பமாகப் பதிவுசெய்துகொள்ளட்டும். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் கேரிங்ஸ் இணையதளத்தில் பதியலாம், மாவட்ட அலகிலும் வழிகாட்டுவார்கள். தம்பதியாக இருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு நிலையான மண வாழ்க்கை வேண்டும். 2024 வழிகாட்டுதல்களின்படி, மணமாகாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர் என்று 35 வயதைக் கடந்த தனி நபரும் விண்ணப்பிக்கலாம். தனி ஆணிடம் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள். வருமானம், உடல்நலம், காவல்துறைச் சான்று எல்லாம் பார்ப்பார்கள். வீட்டில் இருக்கும் பாட்டி உட்பட எல்லோரும் மனதாரச் சம்மதித்தால் மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பாதி மனதோடு எடுத்துவிட்டு ஆறு மாதத்தில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு.

காலி வீட்டில் பத்துப் பிள்ளைகள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்கீழ் பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அதைவிட, உங்கள் எதிர்வீடு அந்த இரண்டு பிள்ளைகளையும் குழந்தைகள் இல்லத்து வாழ்க்கையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. நீங்கள் இல்லத்தைத் திறப்பது நேர் எதிர்த் திசையில் போவது. அந்த வீடு சும்மாதான் கிடக்கிறது என்றால், மாதம் ஒரு ஞாயிறு உங்கள் வட்டாரத்திலுள்ள வளர்ப்புக் குடும்பங்கள் கூடிப் பேச அலகின் மூலம் அழைப்பு அனுப்புங்கள். ஒருவர் பட்டதை இன்னொருவர் சொல்லக் கேட்பது அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது.

கடைசியாக ஒன்று. இந்தப் பிள்ளைகள் ஒருநாள் அம்மாவிடம் திரும்பலாம். நலக்குழு அப்படி முடிவெடுத்தால், ஒரே நாளில் பையைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் பகல் வருகை, பிறகு ஓரிரவு, பிறகு வார இறுதி என்று படிப்படியாக அனுப்பக் கேளுங்கள். மருந்துச் சீட்டுகள், மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசி அட்டை, இந்த வீட்டில் எடுத்த படங்கள் எல்லாம் பிள்ளைகளோடு போகட்டும். அவர்கள் போன பிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்குப் புதன்கிழமை டிபனை நிறுத்தாதீர்கள். எதிர்வீட்டு அம்மாவுக்கு அப்போதுதான் சமைக்கவே மனம் வராது.